நகல் வாங்கப் போன வழி

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போகும் காலைப் பேருந்தில் ஏறினால், யார் எதற்குப் போகிறார்கள் என்று கையில் இருப்பதைப் பார்த்தே சொல்லிவிடலாம். கீரைக்கட்டு வைத்திருப்பவர் சந்தைக்கு. தோளில் பை மாட்டிய பிள்ளைகள் கல்லூரிக்கு. எக்ஸ்ரே கவர் வைத்திருப்பவர் அரசு மருத்துவமனைக்கு. மஞ்சள் பையை இரண்டாக மடித்து, மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருப்பவர் கோர்ட்டுக்கோ கலெக்டர் ஆபீசுக்கோ போகிறார். போன மாசி மாதம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா அப்படித்தான் பிடித்திருந்தார்.

அவர் எங்கள் வட்டாரத்து விவசாயி. வயது அறுபதைத் தாண்டியது. கணவர் இறந்து ஒன்பது வருடம். நவரை நெல்லில் குலைநோய் என்று ஒருமுறை இலையைப் பறித்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தவர், மறுமுறை சொட்டுநீர் மானியம் கேட்டு வந்தார். கிணற்றை ஒட்டிய மேட்டு நிலத்தில் தர்பூசணி போட வேண்டும் என்பது அவர் எண்ணம். சிறு, குறு விவசாயி சான்று, சிட்டா, அடங்கல், புலப்படம் என்று கேட்டபோதுதான் சிக்கல் வெளியே வந்தது. பட்டா கூட்டுப் பட்டா. மூத்தார் மகன் கையெழுத்துப் போட மறுக்கிறான். "கோர்ட்டு டிகிரியிலயே கெணத்து நெலம் எங்கப்பாவுக்குன்னுதான் எழுதியிருக்கு சித்தி" என்கிறான்.

"அந்த டிகிரியை யாராவது பார்த்திருக்கீங்களாம்மா?"

"எங்க வீட்டுக்காரர் தகரப் பெட்டியில வெச்சிருந்தார் சார். கரையான் தின்னுப்போச்சு. அவங்ககிட்டயும் இல்ல. அவங்கப்பா சொன்னதை அவன் சொல்றான். எங்க வீட்டுக்காரர் சொன்னதை நான் சொல்றேன்."

நாற்பது வருடத்துக்கு மேலாக இரண்டு வீடுகள் பேசாமல் இருக்கின்றன. எந்தக் காகிதத்தைச் சொல்லிச் சண்டை போடுகிறார்களோ, அந்தக் காகிதம் இரண்டு வீட்டிலும் இல்லை. என் இருபத்தைந்து வருடத்துக்கு மேலான வேலையில் இதுபோல் எத்தனையோ பார்த்துவிட்டேன். நமது இதழின் கேள்வி பதில் பகுதிக்கும் இதே கேள்வி வேறு வேறு ஊரிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது: "தாத்தா காலத்துக் கோர்ட்டுத் தீர்ப்பின் நகல் எங்கே கிடைக்கும்?" அதற்கு நான்கு வரியில் பதில் எழுதினால் போதாது. அந்த அம்மாவோடு ஒரு நாள் விடுப்புப் போட்டுப் போய்வந்த வழியையே எழுதிவிடுகிறேன்.

முதலில் வழக்கு எண் வேண்டும். அது இல்லாமல் கோர்ட்டு வாசலில் போய் நிற்பது, சர்வே எண் தெரியாமல் புலப்படம் கேட்பதைப் போன்றது. எண் பல இடங்களில் ஒளிந்திருக்கும். தீர்ப்புக்குப் பிறகு யாராவது தன் பங்கை விற்றிருந்தால், அந்தக் கிரயப் பத்திரத்தில் "இன்ன கோர்ட்டு, இன்ன ஓ.எஸ். நம்பர் தீர்ப்பின்படி எனக்குப் பாத்தியப்பட்ட" என்று ஒரு வரி இருக்கும். வில்லங்கச் சான்று போட்டால் அந்தப் பத்திரம் தெரியும். பழைய பட்டா மாறுதல் உத்தரவிலும் எண் இருக்கலாம். குடும்பத்துக்கு வாதாடிய வக்கீல் காலமாகியிருந்தாலும், அவருடைய ஜூனியர் இப்போது சீனியராக இருப்பார்; அவர் அலுவலகப் பரணில் கட்டு இருந்தாலும் இருக்கும். எதிர்த்தரப்பையே கேட்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

இந்த அம்மாவின் கொழுந்தனார் தன் மூன்றில் ஒரு பங்கை 1994இல் வெளியாருக்கு விற்றிருந்தார். அந்தப் பத்திர நகலை எடுத்துப் பார்த்ததில், 1981ஆம் வருடத்து ஓ.எஸ். வழக்கு என்று ஒரு எண் கிடைத்தது. அதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு புறப்பட்டோம்.

திருக்கழுக்குன்றம் வரும்போது வெயில் ஏறிவிட்டது. மலைக்கோயில் உச்சியில் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து சோறு உண்டுபோன கதையை அந்த அம்மா கண்ணால் பார்த்தவர் என்ற முறையில் சொன்னார். இப்போது கழுகுகள் வருவதில்லை. அங்கிருந்து செங்கல்பட்டு வரை சாலையின் இரு பக்கமும் ஏரிகளும் அவற்றின் ஆயக்கட்டும்தான். நவரை பால் பிடிக்கும் பருவத்தில் நின்றது. சில வருடங்களாக மனைக்கற்கள் நட்ட வயல்களும் கூடவே வருகின்றன. நிலத்தின் விலை ஏறிய இடத்தில்தான் பழைய தீர்ப்பு நகலுக்குத் தேவையும் ஏறுகிறது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பருவம் கண்ட மண்ணில் இப்போது நான்காவதாக மனைப் பருவம் ஒன்று வந்திருக்கிறது.

செங்கல்பட்டைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும், பழைய காகிதம் தேடுகிறவர்களுக்கு அது உதவும். இந்த மாவட்டத்தின் பெயர் பலமுறை மாறியிருக்கிறது. ஆங்கிலேயர் காலத்துக் காகிதங்களில் 'சிங்கிள்புட்'. பிறகு செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். 1997இல் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாகப் பிரிந்தது. 2019 நவம்பர் 29 முதல் செங்கல்பட்டு தனி மாவட்டம். ஆனால் காஞ்சிபுரம் மாவட்டத் தலைநகராக இருந்த அந்த இருபது வருடங்களிலும் முதன்மை மாவட்ட நீதிமன்றம் செங்கல்பட்டிலேயேதான் இருந்தது. ஆகவே "எங்க ஊர் அப்ப காஞ்சிபுரம் மாவட்டம் சார்" என்று காஞ்சிபுரத்துக்கு அலைய வேண்டாம். வழக்கு போட்ட வருடத்தில் உங்கள் ஊர் எந்தக் கோர்ட்டின் எல்லையில் இருந்தது என்பதுதான் கேள்வி. புதிய கோர்ட்டுகள் வரும்போது எல்லையும் மாறும், சில நேரம் கட்டுகளும் இடம் மாறும். முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது செல்பேசியிலேயே வழக்கு விவரம் பார்க்கலாமே என்று இளைஞர்கள் கேட்பார்கள். பார்க்கலாம். ஈ-கோர்ட்ஸ் செயலியில் கட்சிக்காரர் பெயர், வழக்கு எண், வக்கீல் பெயர் ஆகியவற்றைக் கொண்டு தேடலாம். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண் உண்டு, அதைத் தட்டினால் அடுத்த வாய்தா, போட்ட உத்தரவு எல்லாம் வரும். நடக்கும் வழக்குகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் நாற்பது வருடத்துக்கு முன்பு முடிந்த வழக்கை அதில் எதிர்பார்க்க முடியாது. இன்னொன்று, அதில் உத்தரவும் தீர்ப்பும் கிடைக்குமே தவிர, கட்சிக்காரர்கள் தாக்கல் செய்த பிராதும் எதிர்வழக்குரையும் கிடைக்காது. அவற்றுக்கு நகல் மனு போட்டே ஆக வேண்டும். செயலியில் எடுத்த தீர்ப்பு படித்துத் தெரிந்துகொள்ளத்தான். கோர்ட்டிலும் தாலுகா ஆபீசிலும் சான்றிட்ட நகலைத்தான் கேட்பார்கள்.

நகல் மனுவில் எழுதுவது அதிகமில்லை. கோர்ட்டின் பெயர், வழக்கு எண், வாதி பிரதிவாதி பெயர், முடிந்த தேதி, எந்தெந்தக் காகிதம் வேண்டும், கேட்பவருக்கும் வழக்குக்கும் என்ன உறவு. கட்சிக்காரர் என்றால் நகல் கேட்பது அவர் உரிமை. அவர் இறந்துவிட்டால் வாரிசு கேட்கலாம். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இணைக்க வேண்டும். வழக்கில் சம்பந்தப்படாத மூன்றாம் நபர், உதாரணமாக அந்த நிலத்தை வாங்க நினைப்பவர், எதற்காகக் கேட்கிறேன் என்று பிரமாணப் பத்திரம் போட்டு, கோர்ட்டுக்குக் காரணம் காட்டி அனுமதி பெற வேண்டும். மனுவுக்கு ஒரு எண் கொடுப்பார்கள். பிறகு எத்தனை பக்கம் என்று கணக்கிட்டு, அதற்கான ஸ்டாம்ப் கட்டச் சொல்லி அறிவிப்புப் பலகையில் பட்டியல் போடுவார்கள். இங்கேதான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். மனு போட்டாயிற்று, வீட்டுக்கு வந்துவிடும் என்று இருந்துவிடுகிறார்கள். பலகையைப் பார்த்து, சொன்ன நாளுக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடியாகிவிடும். திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்களுக்கு நடந்த தவறு வேறு மாதிரி. துண்டுச்சீட்டில் எழுதிய எண்ணைக் கொண்டு மனு போட்டோம். சில நாளில் திரும்பி வந்துவிட்டது. அந்த எண்ணில் இருந்தது யாரோ இருவருக்கு இடையேயான கடன் பாக்கி வழக்கு. அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. "அப்ப கேஸே போடலயா சார்? எங்க வீட்டுக்காரர் பொய்யா சொன்னார்?" என்றார். எனக்கும் பதில் தெரியவில்லை. அங்கே இருந்த வயதான வக்கீல் குமாஸ்தா ஒருவர் பத்திர நகலை வாங்கிக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது அப்பீல் நம்பரா இருக்கும். பத்திரம் எழுதினவர் ஏ.எஸ்.ஸை ஓ.எஸ்.ஸுன்னு எழுதிட்டார்" என்றார். அப்படியே இருந்தது. ஓ.எஸ். என்பது அசல் வழக்கு; ஏ.எஸ். என்பது மேல்முறையீடு. 1981 மேல்முறையீட்டின் முதல் பக்கத்திலேயே அது எந்த அசல் வழக்கிலிருந்து வந்தது என்று எழுதியிருந்தது: முன்சீப் கோர்ட்டில் 1978இல் போட்ட வழக்கு. ஒரு எழுத்து மாறியதில் எங்களுக்கு ஒரு மாதம் போயிற்று. பத்திரத்தில் உள்ள எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்; தேதியையும் பெயரையும் சேர்த்துப் பொருத்திப் பாருங்கள்.

இரண்டாவது மனுவைக் கொடுத்துவிட்டு, மதியம் கொளவாய் ஏரிப் பக்கம் போய் நின்றோம். சென்னையிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் செங்கல்பட்டு வந்துவிட்டது என்று இந்தத் தண்ணீரைப் பார்த்துத்தான் எழுந்து பையை எடுப்பார்கள். அந்த அம்மா கட்டுச்சோறு கொண்டுவந்திருந்தார். சாப்பிடும்போது, "நகலுக்கு இவ்வளவு மதிப்பா சார்? அது அசல் இல்லையே" என்றார். நான் சுந்தரர் கதையைச் சொன்னேன். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் நடந்ததாகப் பெரியபுராணம் சொல்லும் வழக்கு அது. மணப்பந்தலில் கிழவர் காட்டிய அடிமை ஓலையைச் சுந்தரர் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழவர் கலங்கவில்லை. கிழிந்தது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார். சபையார் அதை வாங்கி, பாட்டனாருடைய வேறு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். அன்றைக்கு மூலத்தைக் கையில் வைத்திருந்தவர் கட்சிக்காரர். இன்றைக்குத் தீர்ப்பின் மூலம் கோர்ட்டில் இருக்கிறது. நம்மிடம் வருவது படியோலை மட்டும்தான். அந்தப் படியோலையில் 'உண்மை நகல்' என்ற குறிப்பும், தேதியும், அதிகாரியின் கையொப்பமும் பதவியும் முத்திரையும் இருந்தால், சட்டம் அதை ஏற்றுக்கொள்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. நகலை நாம் எடுக்கும் ஜெராக்ஸுக்கு அந்த மதிப்பு இல்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டால் சுலபமாகக் கிடைக்குமே என்று பலர் கேட்கிறார்கள். கிடைக்காது. இது உச்ச நீதிமன்றம் வரை போய் முடிந்த விஷயம். குஜராத் உயர் நீதிமன்றத்தில் இருந்த வழக்குக் காகிதங்களை ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டார். தகவல் ஆணையம் கொடுக்கச் சொன்னது. கடைசியில் 2020 மார்ச் 4 அன்று, நம் தமிழ்நாட்டுக்காரரான நீதிபதி பானுமதி இருந்த அமர்வு, கோர்ட்டு விதிகளில் நகல் வாங்க வழி இருக்கும்போது அந்த வழியில்தான் வாங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் பட்டா மாறுதல் கோப்பு, நில அளவைக் கோப்பு போன்ற வருவாய்த் துறைக் காகிதங்களுக்குத் தகவல் உரிமைச் சட்டம் நன்றாகவே பயன்படும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நகலின் கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். மனு போட்ட தேதி, ஸ்டாம்ப் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, கொடுத்த தேதி. பெரும்பாலோர் அதைப் படிப்பதே இல்லை. தீர்ப்புப் பாதகமாக வந்து மேல்முறையீடு போக வேண்டியவர்களுக்கு அந்தக் கட்டம்தான் உயிர். மாவட்ட அளவிலான கோர்ட்டுக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள் என்று கெடு இருக்கிறது. நகல் வாங்க ஆன நாட்களைக் காலவரையறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு அந்தக் கெடுவிலிருந்து கழித்துக் கொடுக்கிறது. ஆனால் நீங்கள் மனு போட்ட பிறகு ஆன நாட்களைத்தான். தீர்ப்பு வந்து இருபது நாள் திண்ணையில் உட்கார்ந்திருந்துவிட்டு மனு போட்டால் அந்த இருபது நாள் போனதுதான். தீர்ப்புச் சொன்ன அன்றே, தோற்றாலும் ஜெயித்தாலும், நகல் மனுவைப் போட்டுவிடுங்கள். ஜெயித்தவர்தான் இதில் அதிகம் அசட்டையாக இருக்கிறார். இந்த அம்மாவின் கணவர் ஜெயித்தவர்தான்.

பங்குனி பிறந்தபின் நகல் கிடைத்தது. அசல் வழக்கின் தீர்ப்பும் தீர்ப்பாணையும், மேல்முறையீட்டின் தீர்ப்பும் தீர்ப்பாணையும். மேல்முறையீடு நடந்திருந்தால் அதன் தீர்ப்பாணைதான் கடைசி வார்த்தை, ஆகவே இரண்டையும் வாங்க வேண்டும். எதிர்வழக்குரையும் கேட்டிருந்தோம், கெடு முடிந்து அழிக்கப்பட்டுவிட்டது என்று எழுதி வந்தது. 1917ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது, பழைய கட்டுகளில் எதை எத்தனை வருடம் கழித்து அழிக்கலாம் என்று விதி போட உயர் நீதிமன்றங்களுக்கு அதிகாரம் கொடுத்தது. ஆனால் மனம் தளர வேண்டியதில்லை. தீர்ப்பின் முதல் சில பத்திகளில் வாதி என்ன சொன்னார், பிரதிவாதி என்ன சொன்னார் என்று நீதிபதி சுருக்கி எழுதியிருப்பார். அழிந்த காகிதத்தின் சாரம் அங்கே பிழைத்திருக்கும். நீங்கள் அந்தக் காலத்தில் தாக்கல் செய்த மூலப் பத்திரங்கள் கோர்ட்டிலேயே கிடந்தால், வழக்கும் மேல்முறையீட்டுக் காலமும் முடிந்ததும் மனு போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வாங்காமல் விட்ட குடும்பங்கள் ஏராளம்.

தீர்ப்பு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் ஒரு பெண் வக்கீல் கிடைத்தார். 1987ஆம் வருடச் சட்டத்தின்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு; 15100 என்ற எண்ணுக்குப் பேசினால் போதும். அவர் படித்துக்கொண்டே போனார். அந்த அம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆளுக்கு மூணில் ஒரு பங்குன்னு தீர்ப்பு ஆகியிருக்கும்மா."

"கெணத்து நெலம்?"

வக்கீல் சொத்து விவரத்தைத் திரும்பப் படித்தார். "கிணறு இருக்கிற நெலமும் தபசில்ல இருக்கு. ஆனா யாருக்குன்னு இல்ல. இது முதல்நிலைத் தீர்ப்பாணை. எந்தத் துண்டு யாருக்குன்னு பிரிக்கவே இல்ல."

மூத்தார் மகன் சொன்னதும் இல்லை, இந்த அம்மாவின் கணவர் சொன்னதும் இல்லை. பாகப்பிரிவினை வழக்கில் கோர்ட்டு முதலில் பங்கு இத்தனை என்று மட்டும் சொல்லும். பிறகு யாராவது மனு போட்டால் ஆணையரை அனுப்பி, சர்வேயரோடு அளந்து, துண்டு போட்டு, இறுதித் தீர்ப்பாணை கொடுக்கும். அது முத்திரைத்தாளில் எழுதப்படும். இந்தக் குடும்பத்தில் மேல்முறையீடு தள்ளுபடியானதும் எல்லோரும் கேஸ் முடிந்தது என்று ஊருக்கு வந்துவிட்டார்கள். அளந்தது யாரும் இல்லை. உழுதவர் உழுத இடத்தில் நின்றுவிட்டார். நம் கிராமங்களில் இப்படிப் பாதியில் நிற்கும் தீர்ப்புகளைக் கணக்கெடுத்தால் ஒரு தாலுகா நிலம் தேறும் என்று எனக்குத் தோன்றுகிறது.

"நாப்பது வருஷம் ஆயிடுச்சே, இனிமே கேட்க முடியுமா?" என்று நான்தான் கேட்டேன். தீர்ப்பை நிறைவேற்றக் கேட்க 12 வருடம் கெடு என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். வக்கீல் சிரித்துவிட்டு ஒரு வழக்கின் பெயரைச் சொன்னார்: சுப் கரண் பூப்னா எதிர் சீதா சரண் பூப்னா, 2009. இரவில் வீட்டில் உட்கார்ந்து தேடிப் பார்த்தேன். உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுதிகள் 2023 முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 'இந்தியன் கானூன்' என்ற தளத்திலும் தேடலாம், அதுவும் படிக்கக் காசு இல்லை. தீர்ப்பு தெளிவாக இருந்தது. இறுதித் தீர்ப்பாணை கேட்கும் மனு, கோர்ட்டுக்கு அதன் மீதி வேலையை நினைவூட்டுவதுதான். அதற்குக் காலக்கெடு கிடையாது. 2022 ஜூனில் கேரளத்திலிருந்து போன இன்னொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போய், முதல்நிலைத் தீர்ப்பாணை ஆனதும் யாரும் தனியே மனு போடக் காத்திருக்காமல் கோர்ட்டே தொடர்ந்து நடத்த வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. சட்டப் படிப்பு இல்லாத நான் இதைப் படித்துப் புரிந்துகொள்ள ஒரு மணி நேரம் ஆயிற்று.

இது எனக்குப் பழைய நினைவு ஒன்றைக் கொண்டுவந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தக் கடற்கரையெங்கும் இறால் பண்ணைப் பேச்சுதான். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் 1994இல் போட்ட 561ஆம் எண் ரிட் மனுவில், 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 'இறால் வளர்ப்புக்கே தடை' என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். நானும் அதையே விவசாயிகளிடம் சொல்லித் திரிந்தேன். வெகுநாள் கழித்துத் தீர்ப்பை முழுதாகப் படித்தபோதுதான் என் தவறு தெரிந்தது. கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் பண்ணை கூடாது, விளைநிலத்தையும் உப்பளத்தையும் கிராமப் பொது நிலத்தையும் இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்பதெல்லாம் உண்மை. ஆனால் பாரம்பரிய முறை வளர்ப்புக்கு விலக்கு இருந்தது. அதன்பின் 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, நிலைமை மறுபடி மாறியது. ஆகவே பழைய தீர்ப்பைக் கண்டுபிடித்ததும் நின்றுவிடக் கூடாது. அதன்பிறகு சட்டமோ வேறு தீர்ப்போ வந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இன்னொரு வேடிக்கை: தீர்ப்புத் தொகுதிகளில் அவர் பெயர் 'ஜெகந்நாத்' என்றுதான் அச்சாகியிருக்கிறது. 'ஜெகந்நாதன்' என்று தேடினால் சிக்காமல் போகலாம். பெயரை மூன்று நான்கு விதமாக எழுதித் தேடிப் பாருங்கள்.

அடுத்த வாரம் முட்டுக்காட்டில் உள்ள உவர்நீர் மீன் ஆராய்ச்சி நிலையம் பக்கம் ஒரு வேலை இருந்தது. திரும்பும் வழியில் சாளுவன்குப்பத்தில் இறங்கினேன். சுற்றுலா வருகிறவர்கள் புலிக்குகையோடு திரும்பிவிடுவார்கள். சற்று வடக்கே அதிரணசண்ட மண்டபம் இருக்கிறது. பல்லவ அரசன் தன் செய்தியை ஒரு சுவரில் கிரந்த எழுத்திலும் எதிர்ச் சுவரில் நாகரி எழுத்திலும் வெட்டிவைத்திருக்கிறான். ஒன்று சிதைந்தால் மற்றொன்று நிற்கட்டும் என்று நினைத்தானோ என்னவோ. அதற்கும் அப்பால், 2004 சுனாமியில் மணல் அரித்துப் பாறையில் கல்வெட்டுகள் வெளிப்பட்டன. அவை ஒரு முருகன் கோயிலுக்குக் கொடுத்த கொடையைப் பேசின. அங்கே கோயிலே இல்லை. கல்வெட்டை நம்பித் தொல்லியல் துறையினர் 2005இல் தோண்டியபோது, மணலுக்கு அடியில் செங்கல் கோயில் இருந்தது. பாறையில் எழுதியிருந்ததால் அந்தக் கோயில் திரும்பக் கிடைத்தது. நான் வெகுநேரம் அங்கே நின்றிருந்தேன். சவுக்குத் தோப்பில் காற்று இரைந்துகொண்டிருந்தது.

இறுதித் தீர்ப்பாணை கேட்டு மனு சித்திரையில் தாக்கல் ஆனது. இறந்தவர்களுடைய வாரிசுகளையும், கொழுந்தனார் பங்கை வாங்கியவரையும் சேர்த்திருக்கிறார்கள். யு.டி.ஆர். அளவையில் அந்த ஊரின் சர்வே எண்கள் மாறியிருப்பதால், பழைய எண்ணுக்கு நேரான புதிய எண்ணைத் தாலுகா ஆபீசில் வாங்கிக் கொடுக்கும் வேலை எனக்கு. சொட்டுநீர் மானியம் இந்த வருடம் இல்லை. கிணற்று நிலத்தில் இப்போதைக்கு எள் விதைத்திருக்கிறார் அந்த அம்மா.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கோர்ட்டு நோட்டீஸ் வாங்கிய மூத்தார் மகன் வாசலில் வந்து நின்றான். பல வருடம் கழித்து அந்தப் படியை மிதிக்கிறானாம். உள்ளே வரவில்லை. "சித்தி, அந்த நகலை நான் ஒருவாட்டி பார்க்கலாமா?" என்றான். அவர் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், மஞ்சள் பையிலிருந்து ஜெராக்ஸ் பிரதியை எடுத்து வந்து கொடுத்தார். அசல் நகலைக் கொடுக்கவில்லை. அவன் திண்ணையில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தான்.